பூனைத் தவமும் கிராம் தராசும்

வா பேராண்டி, உக்காரு. ராத்திரி முழுக்க செல்போன்ல வந்த ஃபார்வர்டா படிச்சியாமே, உன் பொண்டாட்டி சொல்லுச்சு. பாப்பாவுக்கு வர்ற இழுப்பு மூளையில இல்ல, வயித்துல இருக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டியாம். நாளையிலருந்து சோறு கெடையாது, இட்லி கெடையாது, மாத்திரையும் மெள்ள மெள்ள நிறுத்திடலாம். மூணு வேளையும் நெய்யி, வெண்ண, முட்ட. கூடவே நல்ல பாக்டீரியாவ அடைச்ச டப்பா ஒண்ணுக்கு ஆர்டரும் போட்டாச்சு. பலே! நரம்பு டாக்டராவணும்னா பத்து வருசத்துக்கு மேல படிக்கணுமாம். தொரை ஒரே ராத்திரியில முடிச்சிட்டீங்க. நல்ல வேள, நடுவுல கரண்டு போச்சு. இல்லன்னா விடியறதுக்குள்ள ஆபரேசனும் கத்துக்கினு இருப்ப.

மூஞ்சிய தூக்காத. நீ படிச்சதுல பாதி நெசம். அதனாலதான் பயப்படுறன். முழுப் பொய்யின்னா உங்க ஆயாவே வெளக்கமாத்த எடுத்துக்கினு தொரத்திடும். பாதி நெசத்த அப்பிடித் தொரத்த முடியாது. அது சலவை சட்ட போட்டுக்கினு வந்து திண்ணையில உக்காந்து காப்பி கேக்கும்.

நாலாங் கிளாசு தாண்டாத கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்குறியா? உன் அத்த மவ செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறா இல்ல. லீவுக்கு வந்தா எனக்குக் கால் அமுக்கிக்கினே பாடத்த ஒப்பிப்பா. மத்தப் பாடம்லாம் எனக்குத் தாலாட்டு. பாப்பாவோட வியாதின்னதும் தூக்கம் போயிடுச்சு, எழுந்து உக்காந்து கேட்டன். அவ தப்பா சொல்லியிருந்தா பரீட்சையில போவும். நீ தப்பா செஞ்சா எங்க போவும்னு யோசி.

மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறைய சின்னதுல இருந்து பாக்குற. அதுல மேல ஒருத்தரு ஒத்தக் கால்ல நின்னு ரெண்டு கையையும் தூக்கிக்கினு தவம் பண்றாரு. பட்டினியில எலும்பு எண்ணலாம் போல கெடக்கும். கீழ யான பக்கத்துல ஒரு பூன. அதுவும் கையத் தூக்கிக்கினு நிக்குது, அதே தவக் கோலம். சுத்தியும் எலிங்க. வெள்ளக்காரன் சிரிச்சிக்கினே போட்டோ புடிப்பான். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே நம்ம ஊரு சிற்பி செதுக்கி வெச்சிட்டான், பேராண்டி: பெரியவரு செஞ்சது தவம், பூன செஞ்சது ஃபார்வர்டு.

மொதல்ல அந்தப் பெரியவரு கதைய, அதான் நெசமான டயட்டு கதையச் சொல்றன். வயிறு காஞ்சா இழுப்பு அடங்குதுன்னு மனுசனுக்கு ரொம்ப காலமாத் தெரியும். ஆனா எத்தினி நாளைக்குக் கொழந்தையப் பட்டினி போடுவ? 1921-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்குல ரஸ்ஸல் வைல்டர்னு ஒரு டாக்டரு யோசிச்சாரு. பட்டினி கெடந்தா ஒடம்பு கொழுப்ப எரிச்சி கீட்டோன்னு ஒரு சரக்கு பண்ணுது. அப்ப பட்டினியே போடாம, மாவுச் சத்தக் கொறச்சி கொழுப்ப ஏத்தி ஊட்டினா ஒடம்பு ஏமாறுமான்னாரு. ஏமாந்துச்சு. கீட்டோஜெனிக் டயட்டுன்னு பேரு வெச்சாரு. அப்பால 1938-ல ஃபெனிட்டாயின் மாத்திர வந்துச்சு. மாத்திரைய முழுங்குறது சுலுவா, மூணு வேளையும் நெய்ய அளக்குறது சுலுவா? டயட்டு மூலைக்குப் போச்சு. 1993-ல சார்லின்னு ஒரு சின்னப் பையனுக்கு எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்கல. அவங்கப்பா ஹாலிவுட்டுல படம் எடுக்குற ஜிம் ஆபிரகாம்ஸ். நூலகத்துல போயி தேடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில இத இன்னும் செய்யிறாங்கன்னு புடிச்சாரு. பையனுக்கு அடங்கிடுச்சு. அவரு சொம்மா இருப்பாரா? 1997-ல படமே எடுத்துட்டாரு. மூலையில கெடந்தது மறுபடி நடுவூட்டுக்கு வந்துச்சு.

கவனிச்சியா? அவரும் உன்ன மாரி அப்பன்தான், உன்ன மாரியே ராத்திரி பகலா படிச்சாரு. ஆனா படிச்சதும் சமையக்கட்டுக்குள்ள போவல. ஆஸ்பத்திரிக்குப் போனாரு.

அமெரிக்காக் கத நமக்கு எதுக்குங்குற. சரி, டெல்லிக் கதைக்கு வா. எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில, எத்தினி மருந்து குடுத்தும் அடங்காத 102 கொழந்தைங்கள ரெண்டு பிரிவா பிரிச்சாங்க. ரெண்டு வயசுலருந்து பதினாலு வயசு வரைக்கும். ஒரு பக்கத்துக்கு இந்தக் கீட்டோ டயட்டயே கொஞ்சம் தளர்த்தி, மாத்தின அட்கின்ஸ் டயட்டுன்னு குடுத்தாங்க, இன்னொரு பக்கத்துக்கு வழக்கமான சாப்பாடு. மூணு மாசம் கழிச்சிப் பாத்தா, டயட்டுப் பக்கத்துல 100-க்கு 52 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல கொறஞ்சிருந்துச்சு. சாதாச் சோத்துப் பக்கத்துல 100-க்கு பதினொண்ணு, பன்னெண்டு. டயட்டுல இருந்த 50 பேர்ல அஞ்சு பேருக்கு சுத்தமா நின்னே போச்சு. 2013-ல வந்த கணக்கு இது. பருப்பும் பன்னீரும் திங்கிற நம்ம நாட்டுப் பிள்ளைங்களுக்கே பலிச்சிருக்கு.

பாத்தியா தாத்தா, நான் சொன்னது சரிதானேன்னு நிமுந்து உக்காராத. உன்னோட ஃபார்வர்டுக்காரன் ரெண்டு வரிய முழுங்கிட்டான். ஒண்ணு, அந்த ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் மாத்திரைய நிறுத்தல. டயட்டு மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட கூட. வலிப்பு மாத்திரைய பொசுக்குன்னு நிறுத்தினா, ஒண்ணு முடியிறதுக்குள்ள ஒண்ணா விடாம இழுக்கும். உசுருக்கே ஒல வெக்கிற காரியம். ரெண்டு, அது மருந்துக்கு அடங்காத பிள்ளைங்களுக்கு. சரியான மருந்து ரெண்ட, சரியான அளவுல குடுத்தும் நிக்கலன்னாதான் அடங்காத வலிப்புன்னு பேரு. பத்துப் பேர்ல ஏழு பேருக்கு மருந்துலயே அடங்கிடும். மிச்சம் மூணு பேருக்காவத்தான் இத்தினி பாடு. கொஞ்சம் கொழந்தைங்களுக்குப் பொறப்புலயே மூளைக்குச் சர்க்கரை போற வழி சரியா இருக்காது. அவங்களுக்கு மட்டும் எடுத்த எடுப்புலயே இந்த டயட்டுதான் மருந்து. அதையும் டாக்டரு பரிசோதிச்சிதான் சொல்லணும்.

நம்ம பாப்பாவுக்கு எத்தினி மருந்து? ஒண்ணே ஒண்ணு. அதுலயும் மதுராந்தகத்துக் கலியாணத்துக்குப் போனப்ப மாத்திரைய வூட்லயே வெச்சிட்டு, பட்டுப் பொடவைய மட்டும் மறக்காம எடுத்துக்கினு போனீங்க. அந்த வாரந்தான் பாப்பாவுக்கு மறுபடி வந்துச்சு. மருந்து தோத்துச்சா, நீங்க தோத்தீங்களா? தீர்ப்பு நான் சொல்லல, நீயே சொல்லு.

சரி, டாக்டரே டயட்டு போடுன்னுட்டாருன்னு வெச்சிக்க. அப்ப இன்னா ஆவும் தெரியுமா? வூட்டுக்கு ஒரு கிராம் தராசு வரும். நக ஆசாரிகிட்ட இருக்குமே, அந்தக் கணக்கு. மாவுச் சத்தும் புரதமும் சேந்து 1 கிராமுன்னா கொழுப்பு 4 கிராம். அதான் கெட்டியான டயட்டு. தளர்த்தின டயட்டுலயே நாளைக்கு மாவுச் சத்து 10, 20 கிராம்தான். ரெண்டு இட்லி தின்னா அன்னிக்குக் கோட்டா காலி. சட்னியில இருக்குற பொட்டுக்கடலைக்கும் கணக்கு, பால்ல இருக்குற சர்க்கரைக்கும் கணக்கு. சளிக்குக் குடுக்குற இனிப்பு மருந்துக்கும் கணக்கு, ஏன்னா அதுல சர்க்கரை இருக்கு. தேங்காண்ணெய்யில இருந்து பிரிச்சி எடுக்குற ஒரு தினுசுக் கொழுப்பு இதுக்குன்னே இருக்கு. அதையும் ஸ்பூன் கணக்குலதான் ஏத்துவாங்க. நீ அளப்ப, உன் பொண்டாட்டி அளக்கும். உங்க ஆயா அளக்குமா? "பச்சப் புள்ள மூஞ்சி வாடிப் போச்சி"ன்னு முந்தானையில முடிஞ்சி வெச்ச முறுக்க நீட்டிடும். அத்தோட ஒரு வாரத் தவம் காத்துல போச்சு.

கட்டுப்பாடு மட்டும்னா பரவால்ல. மலச்சிக்கல் வரும், சிறுநீரகத்துல கல்லு வரலாம், கொலஸ்டிரால் ஏறலாம், வளத்தி கொறையலாம். வைட்டமினும் கால்சியமும் தனியாக் குடுக்கணும். சில கொழந்தைங்களுக்குக் கொழுப்ப எரிக்கிற சக்தியே பொறப்புல இருக்காது. அவங்களுக்கு இந்த டயட்டே வெசம். அத ரத்தம் சோதிச்சிப் பாக்காம ஆரம்பிக்கவே கூடாது. மூணு மாசம் பாப்பாங்க. பலிச்சா ரெண்டு வருசம் போல ஓட்டி, அப்பால மெள்ள மெள்ள எறக்குவாங்க. இது சாப்பாடு இல்ல பேராண்டி, சாப்பாட்டு வேசம் போட்ட மருந்து. புலியப் பாத்து பூன சூடு போட்டுக்கிட்ட கத உனக்குத் தெரியும். நம்ம பக்கம் அந்தக் காலத்துல இழுப்பு வந்த கொழந்தைக்கே சூடு போட்டாங்க. நீ நெய்ய வெச்சி சூடு போடாத.

இப்ப உன் செல்லப் பாக்டீரியாவுக்கு வரலாம். இதுலயும் உனக்குப் பாதி மார்க்கு. 2018-ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல எலைன் சியாவோன்னு ஒரு அம்மாவோட கூட்டம் எலிங்கள வெச்சி ஒரு வேல பாத்தாங்க. எலிக்கு இந்த டயட்ட குடுத்தா வலிப்பு வர்றது கொறையுது. ஆனா கிருமியே இல்லாம வளத்த எலிக்கும், ஆன்டிபயாடிக்கு குடுத்து வயித்தக் கழுவி விட்ட எலிக்கும் அதே டயட்ட குடுத்தா ஒண்ணும் பலிக்கல. அப்ப நெய்யி மட்டும் வேல செய்யல, நெய்யத் தின்ன வயித்துல குடியிருக்குற பாக்டீரியாவும் கூட சேந்து வேல செய்யுது. ரெண்டு பேரப் புடிச்சாங்க: ஒண்ணு அக்கர்மான்சியா, ஒண்ணு பாராபாக்டீராய்டிஸ். தனித்தனியா விட்டா சோம்பேறிங்க. ரெண்டையும் சேத்து விட்டாத்தான் வேல நடக்குது. அதுங்க கூட்டு சேந்ததும் ரத்தத்துல ஏதோ சில அமினோ அமிலச் சரக்கு கொறையுது, மூளையில கிளப்பி விடுற குளூட்டமேட்டவிட அடக்குற காபா கை ஓங்குது.

2023-ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. அடங்காத வலிப்பு இருந்த பத்து பிள்ளைங்களோட மலத்த, டயட்டுக்கு முந்தியும் ஒரு மாசம் டயட்டு இருந்த பின்னாடியும் எடுத்து, எலிக்குள்ள விட்டாங்க. மூக்க மூடாத, இதான் விஞ்ஞானம். டயட்டுக்கு அப்பால எடுத்தத வாங்கிக்கிட்ட எலிக்கு வலிப்பு லேசுல வரல. எலி சாதாத் தீனிதான் தின்னுச்சு, வயித்துல குடியிருந்தது மட்டும் மாறிச்சு.

இத கேட்டப்ப நானும் வாயப் பொளந்தன். உன் அத்த மவ வாய மூடச் சொன்னா. "தாத்தா, வலிப்பு நின்னது எலிக்கு. அந்த ரெண்டு பாக்டீரியாவ கொழந்தைக்குக் குடுத்தா வலிப்பு நிக்கும்னு இன்னும் யாரும் நிலைநாட்டல"ன்னா. பாத்துக்க, பாறையில பூனையச் சுத்தி எலிங்க கும்புட்டுக்கினு நிக்குது. இந்த விசயத்துல எலிதான் சாமி, பூனதான் பக்தன். உன் டப்பாவுல என்னென்ன பாக்டீரியா, எத்தினி உசுரோட இருக்குதுன்னு டப்பாக்காரன் சொன்னாத்தான் உண்டு. கும்மிடிப்பூண்டி குடோன் வெயில்ல அதுல பாதிக்குக் கருமாதியே முடிஞ்சிருக்கும்.

கிருமி விசயத்துல வேற ஊருப் பலன நம்பக் கூடாதுன்னு நம்ம மாவட்டந்தான் ஒலகத்துக்கே பாடம் எடுத்துச்சு, தெரியுமா? 1968-ல பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல, திருவள்ளூர் பக்கம், காசநோய்க்கு பிசிஜி ஊசி வேல செய்யுதான்னு பாத்தாங்க. சிலருக்கு ஊசி, சிலருக்கு வெறும் தண்ணி மருந்து. மொத்தம் 2,50,000 பேருக்கு மேல. பிசிஜிக்கு ஒலகத்துலயே அத்தினி பெரிய சோதனை அப்ப இல்ல. வெள்ளக்கார நாட்டுல பள்ளிக்கூடப் பசங்களுக்குப் போட்டப்ப பிரமாதமா காப்பாத்தின ஊசி. இங்க வருசக் கணக்கா காத்திருந்து எண்ணிப் பாத்தா, பெரியவங்களுக்கு நெஞ்சுக் காசத்துல ஊசி போட்டவனுக்கும் போடாதவனுக்கும் வித்தியாசமே இல்ல. ஒலகமே திகைச்சிப் போச்சு. ஏன்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு கேளு: இந்த மண்ணுலயும் தண்ணியிலயும் காசநோய்க் கிருமிக்கு ஒண்ணுவிட்ட பங்காளிங்க நெறைய. பொறந்ததுலருந்து அதுங்களோட பழகின ஒடம்புக்கு ஊசி புதுசா ஒண்ணும் சொல்லித் தரல. அதுக்காவ உன் அடுத்த பிள்ளைக்கு பிசிஜி வேணாம்னு கெளம்பிடாத. கொழந்தைங்கள மூளையத் தாக்குற காசத்துலருந்து அது காப்பாத்துது, கண்டிப்பா போடணும். நான் சொல்றது வேற. ஊசிக்கே நம்ம மண்ணு இப்பிடிக் கையெழுத்து மாத்திப் போட்டுச்சுன்னா, கலிஃபோர்னியா எலி வயித்துல நடந்தது கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கொழம்பும் தின்ற நம்ம பாப்பா வயித்துல அச்சு அசலா நடக்கும்னு எப்பிடி கையடிச்சி சொல்ற? எய்ம்ஸ்காரங்க டயட்ட இங்க நம்ம பிள்ளைங்ககிட்ட பாத்துட்டாங்க, அத நம்பலாம். பாக்டீரியாவ யாராச்சும் நம்ம பிள்ளைங்ககிட்ட பாக்கட்டும், அப்ப நானே காசு குடுக்குறன்.

வயித்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் தேடணும்னு அவ்ளோ ஆசையா இருந்தா, வேலூரு பக்கத்துலயே இருக்கு. சிஎம்சி ஆஸ்பத்திரிக்காரங்க அந்த மாவட்டத்துல 50,000 பேருக்கு மேல வீடு வீடா விசாரிச்சி 2006-ல ஒரு கணக்கு சொன்னாங்க. வலிப்பு இருக்குறவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்குக் காரணம் பன்றி நாடாப்புழு. ஒருத்தர் வயித்துல அந்தப் புழு இருக்கும். அவர் வெளிக்குப் போயி கை கழுவாம வந்தா, முட்டை தண்ணியிலயும் பச்சைக் காயிலயும் ஏறிடும். அத முழுங்கினவன் மூளையில போயி கட்டியா உக்காரும். பன்னியத் தொடாத சுத்த சைவத்துக்கும் வரும், பூணூலோ விபூதியோ பாத்து ஒதுங்கிப் போவாது. சோப்பு பத்து ரூவா. ஆனா பத்து ரூவா சமாச்சாரத்த யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டான். கமிசன் இல்லையே.

இன்னொண்ணு. எலிக்கு ஆன்டிபயாடிக்கு குடுத்ததும் டயட்டோட பலனே போச்சுன்னு சொன்னன் இல்ல? எலி சமாச்சாரந்தான், ஆனா கேட்டதும் எனக்கு நீ ஞாபகத்துக்கு வந்த. பாப்பா ரெண்டு தும்மு தும்மினா, மருந்துக் கடையில நின்னு நீயே ஆன்டிபயாடிக்கு வாங்கியாந்து ஊத்துற. ஒரு கையால வயித்துல இருக்குற நல்லதுங்கள கொல்லுற, இன்னொரு கையால டப்பாவுல புதுசா வாங்கி விடுற. கடைக்காரன் ரெண்டு பக்கமும் காசு பாக்குறான். இத்தினிக்கும் அவன் உன் ஃபிரெண்டாம்.

இப்ப இன்னா செய்யணும்னு கேளு. மாத்திரைய நேரந் தவறாம குடு. செல்போன்ல அலாரம் வெய்யி, அதுக்காச்சும் அது ஒதவட்டும். எப்ப வந்துச்சு, எத்தினி நிமிசம், அன்னிக்குக் காய்ச்சலா, தூக்கம் கெட்டுச்சா, மாத்திர தவறிச்சான்னு ஒரு நோட்டுல எழுது. வர்றப்ப ஒரு தடவ வீடியோ எடு. அத யாருக்கும் அனுப்பாத, டாக்டருக்கு மட்டும் காட்டு. உன் வாய்ச் சொல்லவிட அது நல்லாப் பேசும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி, "ரெண்டாவது மருந்து வேணுமா, டயட்டு ஒத்து வருமா"ன்னு நீயே கேளு. வேணும்னா அவங்களே எழும்பூரு கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. டாக்டருகிட்ட கேக்க வெக்கப்பட்டுக்கினு, முகம் தெரியாத குரூப்பு அட்மின்கிட்ட கேக்க வெக்கப்படாத ஆம்பள நீ.

இழுப்பு வந்தா ஒருக்களிச்சிப் படுக்க வெய்யி, தலைக்குக் கீழ துணிய மடிச்சி வெய்யி, கடியாரத்தப் பாரு. வாய்க்குள்ள ஸ்பூனோ தண்ணியோ போடாத. அஞ்சு நிமிசம் தாண்டிச்சுன்னா 108-க்குப் போன் போடு. போன தபா பாப்பா கையில சாவிக் கொத்த திணிச்சியே, அதனால நடந்தது ஒண்ணே ஒண்ணு: ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கலாம்னா அரை மணி நேரம் சாவியத் தேடினோம்.

பாப்பா இப்போதைக்கு எல்லாரும் தின்றதத் தின்னட்டும். ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சா, ஆறின சோத்துல ஒரு பங்கு மாவு சின்னக் கொடல்ல செரிக்காம பெருங்கொடல் வரைக்கும் போயி அங்க இருக்குற பாக்டீரியாவுக்குத் தீனியாவுது. செரிக்காத மாவுக்கு இன்னா மதிப்புன்னு 2000-லயே வேலூருல ராமகிருஷ்ணா டாக்டரு காட்டினாரு. காலரா வந்தவங்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்ல அந்த மாரி மக்காச்சோள மாவக் கலந்து குடுத்து, பேதி சீக்கிரமா நின்னதப் பாத்தாரு. பழைய சோறு வலிப்ப நிறுத்தும்னு நான் சொல்லல, நல்லா கேட்டுக்க. சொன்னன்னு நாளைக்கு "கிராமத்துப் பெரியவரின் ரகசியம்"னு என் போட்டாவப் போட்டு நீயே அனுப்பிடுவ.

ஒருவேள டாக்டரு அந்த டயட்டயே போட்டாருன்னா, மொதல் வேலையா உங்க ஆயாவோட முறுக்கு டின்னுக்குப் பூட்டு போடுறது நானு. தராசு வாங்க என் பென்சன் பணத்த எடுத்துக்க. பாப்பா தட்டுல கிராம் கொறையாம அளந்து வெய்யி, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறன். என் தட்டுக்கு மட்டும் அந்தத் தராசக் கொண்டாராத. என் வயித்துல குடியிருக்குறதுங்க எம்பது வருசமா பழைய சோத்துக்கும் சுட்ட கருவாட்டுக்கும் ஓட்டுப் போட்டுப் பழகினதுங்க. இந்த வயசுல கட்சி மாறச் சொன்னா வயித்துக்குள்ள மறியல் பண்ணிடும்.